எட்டு ஆகாது

ஆரோக்கிய ஜெனிபர் கடலூரிலிருந்து தினமும் பஸ் ஏறி, சிதம்பரத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றில் மூன்று வருடமாக நெட்வொர்க் பார்த்தவள். புது ஸ்விட்ச் நல்லபடியாக ஓடினால் வேலை நிரந்தரம் என்றிருந்தார்கள். அந்த உத்தரவுக்காக அவள் எத்தனை ஞாயிறு பூசையை விட்டாள் என்பது பங்குச் சாமியாருக்குத்தான் தெரியும்.

ஸ்விட்ச் என்றால் மருத்துவமனைக் கணினிகளையெல்லாம் ஒன்றோடொன்று இணைக்கும் ஒரு இரும்புப் பெட்டி. தேவையான மாட்யூல்களைத் தனித்தனியாக வாங்கிச் செருக வேண்டும். காலி இடத்தை வெறும் தகட்டால் மூடிவிடலாம். ஜெனிபர் எட்டு மாட்யூல் எழுதினாள். மூளையாக ஒன்று, மின்சாரத்துக்கு இரண்டு, மீதி ஐந்தும் ஸ்கேன், லேப், வார்டு என்று ஒவ்வொரு பிரிவுக்கும்.

கொள்முதல் மேனேஜர் சபாபதி, பட்டியலை முதலாளியிடம் கொண்டுபோன வேகத்தில் திரும்பினார்.

"எட்டு ஆவாதாம்மா. சனி நம்பராம். ஏழாக்கிக் குடுத்துடு."

"ஒம்போதா போடலாமே சார்?"

"செலவு ஜாஸ்தியாவும். ஒத்துக்க மாட்டாரு."

எதை அடிப்பது? ஸ்கேனை அடித்தால் ஸ்கேன்காரர் சண்டைக்கு வருவார், லேபை அடித்தால் லேப்காரர். இரண்டாவது மின் மாட்யூல் முதலாவது செத்தால்தான் தேவைப்படும். அதற்காகப் பேச ஆளில்லை. பேச வேண்டியவள் ஜெனிபர். நிரந்தர உத்தரவை நினைத்து வாயை மூடிக்கொண்டாள். அதையே அடித்துக் கையெழுத்துப் போட்டாள்.

நாலாம் மாதம், புறநோயாளிகள் கூட்டம் நெரிகிற ஒரு திங்கட்கிழமை காலையில், அந்த ஒற்றை மின் மாட்யூல் கருகியது. ஆறு மணி நேரம் ஒரு ரிப்போர்ட்டும் வரவில்லை. விசாரணையில் எல்லாரும் பட்டியலைத்தான் பார்த்தார்கள். சனியின் பெயர் அதில் எங்கும் இல்லை. ஜெனிபரின் கையெழுத்து இருந்தது. டெக்னிக்கல் விஷயமெல்லாம் அந்தப் பெண்ணின் முடிவு என்று சபாபதி ஒதுங்கிக்கொண்டார். ராஜினாமா எழுதித் தரச் சொன்னார்கள்.

கடைசி நாள் சபாபதி கூச்சமில்லாமல் புதுப் பட்டியலை நீட்டி, சரிபார்த்துத் தரச் சொன்னார். மின் மாட்யூல் இரண்டும் இருந்தன. மொத்தம் எட்டு. அதற்குக் கீழே ஒன்பதாவது வரி: காலி இடம் மூடும் தகடு, ஒன்று.

"ஒம்போதுன்னு காட்டணும்ல. மொதலாளி ஒடனே கையெழுத்துப் போட்டுட்டாரு."

ஜெனிபருக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. அந்தத் தகடு பெட்டியோடு சும்மா வந்தது. மிச்சமானதொன்று நாலு மாதமாக அவள் மேஜை இழுப்பறையில்தான் கிடந்தது. அதை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, கடலூர் பஸ்ஸுக்கு நடந்தாள்.