சூரங்கரடு சிறைக்குள் விலைவாசி ஏறுவதில்லை

கோவில்பட்டிக்கு வடகிழக்கே பதினாலு கிலோமீட்டரில் இருக்கும் சூரங்கரடு கிளைச் சிறைக்குள் 1987 கார்த்திகைக்குப் பிறகு எந்தப் பொருளும் விலை ஏறவில்லை. ரொம்ப வருசம் யாரும் இதைக் கவனிக்கவில்லை. கண்டுபிடித்தவள் டீ விற்கும் சொர்ணத்தாய். ஒருநாள் தூக்குவாளியோடு உள்ளே போய், மூணு ரூபாய் என்று சொல்ல வாயைத் திறந்தாள். "நாப்பது பைசா" என்று வந்தது. திருப்பிச் சொல்லிப் பார்த்தாள், அதேதான். தனக்கு வரவேண்டிய துட்டை அந்த இரும்பு வாசலுக்கு உள்ளே யார் சொன்னாலும் பழைய தொகைதான் நாக்கில் ஏறும்; எதற்குச் சொன்னாரோ அதற்கு அதுதான் விலை, வெளியே போயும் மாற்ற முடியாது. கூடுதலாகக் கொடுத்த தாள் வாங்குகிறவர் விரலில் ஒட்டாமல் நழுவித் தரையில் விழும். நாற்பது பைசாவுக்குச் சில்லறை கிடையாது என்பதால் அன்றைக்கு வார்டர்கள் ஒரு ரூபாய்க்கு ரெண்டரை டீ குடித்தார்கள். கரிசல் மண் வெடித்து அஸ்திவாரம் இறங்கியதுதான் காரணம் என்று பொதுப்பணித்துறை ஆள் ஒருவர் எழுதிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு சொர்ணத்தாய் வாசலைத் தாண்டுவதில்லை. வார்டர்களும் சம்பளப் பேச்சு எடுத்தால் வெளியே வேப்பமரத்தடிக்கு வந்துதான் எடுப்பார்கள்.

இரண்டாம் நிலை வார்டர் லிங்கராஜ் புதூர்ப் பக்கத்துக்காரன். அப்பாவோடு வேலிக்கருவேல் வெட்டிக் கரிமூட்டம் போட்டு வளர்ந்தவன், அந்தப் புகை நெஞ்சில் இன்னும் இருக்கிறது. கைக்கு வரும் சம்பளம் இருபத்தெட்டாயிரத்து நானூறு. வாடகை, கூட்டுறவுச் சங்கக் கடன், கேஸ், பெட்ரோல், பெண்ணின் டியூஷன் என்று பிய்த்துக் கொடுத்தது போக, பதினெட்டாம் தேதிக்கு மேல் வீட்டில் ரசம்தான். ஊரில் இருந்தால் செலவு குறையும். ஆனால் மகள் முத்துசெல்வி கோவில்பட்டியில் பிளஸ் ஒன் படிக்கிறாள். ஊருக்குப் போகும் பஸ் சாயங்காலம் நாலரைக்கே போய்விடும். அதனால் டவுனிலேயே தீப்பெட்டி ஆபீஸ் அய்யாத்துரையின் வீட்டில் ஆறாயிரத்து ஐந்நூறு வாடகைக்கு இருந்தார்கள்.

ஆனி மாசம் அய்யாத்துரை தெருவில் ஸ்கூட்டரை நிறுத்தி, இறங்காமலேயே, அடுத்த மாசத்திலிருந்து ஒன்பதாயிரம் என்றார். முடியாவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டியது. காலி செய்தால் முத்துசெல்வியின் படிப்பு அதோடு சரி.

"ஆயிரம் பேரப் பூட்டி வச்சிருக்கிய, இந்த ஒரு மனுசன் வாயத் தொறக்க வைக்க முடியலையா?" என்றாள் உமாதேவி.

"வாயெல்லாம் நல்லாத்தாம்ட்டி தொறக்காரு. வாசலுக்கு வெளிய நின்னுல்லா தொறக்காரு."

"அப்போ உள்ள கூப்பிடுங்க."

கூப்பிட்டுப் பார்த்தான். சுதந்திர தினத்துக்குக் கொடியேற்ற வாருங்கள் என்றான்; அய்யாத்துரை மிட்டாய் டப்பாவை மட்டும் கொடுத்தனுப்பினார். சிறைக்குள் இருக்கும் பிள்ளையாருக்கு வருசாபிஷேகம் என்றான். வாசலுக்கு வெளியே நின்றே கும்பிட்டுவிட்டுத் திருநீறை அங்கேயே வாங்கிக்கொண்டார். விவரமான ஆள். புது வாடகைக்கு மட்டும் தவணை சொல்லி ரெண்டு மாசம் ஓட்டினான் லிங்கராஜ்.

புரட்டாசியில் அய்யாத்துரையின் மச்சினன் நந்தகோபால் ஒரு கல்யாண மண்டபத்தில், பந்தியில் இடம் பிடிக்கிற சண்டையில், சாம்பார் வாளியால் மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் மண்டையை உடைத்தான். பதினைந்து நாள் ரிமாண்டு, சூரங்கரட்டில். அக்காக்காரி அழுத அழுகையில் அய்யாத்துரை வேறு வழியில்லாமல் மனுப் போட்டுப் பார்க்க வந்தார். வாயைச் சுற்றித் துண்டைக் கட்டியிருந்தார்.

"அத்தான், பேசுங்க அத்தான். பல்வலியா?" என்று நந்தகோபால் கம்பிக்கு அந்தப் பக்கம் தவித்தான். அய்யாத்துரை கையை ஆட்டினார். லிங்கராஜ் பக்கத்தில் நின்ற வார்டர் பாக்கியசாமியிடம், ஏதோ மழையைப் பற்றிப் பேசுவதுபோல, சொன்னான்: "அண்ணாச்சி வீட்ட இப்போ யாரு கேக்கா? செவுரெல்லாம் வெடிப்பு. ஆடு கட்டக்கூட நாலாயிரம் பெறாது."

துண்டு கீழே விழுந்தது. "யாருலே சொன்னது? தேக்கு நெல போட்ட வீடுலே அது! நூத்தி இருவது ரூவாய்க்கு ஒரு பைசா கொறைய மாட்டேன்!"

அவ்வளவுதான். சொன்னவர் காதிலும் அது விழுந்தது. வாயைப் பொத்திக்கொண்டவர், அந்த ஆத்திரத்தில் லிங்கராஜைப் பிடித்தார். "அரசாங்கச் சம்பளம் அள்ளி அள்ளி வாங்குதிய, எங்க வயித்துல எதுக்குலே அடிக்க?"

லிங்கராஜுக்கு எதைச் சொன்னாலும் பொறுக்கும், அள்ளி வாங்குகிறாய் என்றால் பொறுக்காது. "என்னத்த அண்ணாச்சி அள்ளுதேன்? மாசம் எழுநூத்திப் பத்து ரூவாய வச்சு நாக்கா வழிக்க முடியும்?" என்று கத்தினான். பாக்கியசாமி தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஒன்றாம் தேதி செல்லுக்கு வந்த செய்தியில் எழுநூற்றுப் பத்து வரவாகியிருந்தது. எழுதிக் கேட்டதற்குக் கருவூலத்திலிருந்து, அலுவலர் தாமே அறிவித்த தொகை அளிக்கப்பட்டுள்ளது என்று பதில் வந்தது. மூணாம் நாள் காலையில் உமாதேவி சாப்பாட்டு வாளியைக் கையில் கொடுத்து, "இன்னைக்கு உள்ள யாரு யாரு இருக்கா?" என்று கேட்டாள்.

இருந்தவர்களில் ஒருவர் அரிசி மண்டிக்காரர், செக் கேஸ். லிங்கராஜ் சும்மாதான் கேட்டான், ஒரு மூட்டை பொன்னி என்ன விலை அண்ணாச்சி என்று. அவர் முன்னூறு என்று சொல்லி முழித்தார். ஜாமீனில் போன மறுநாள் மூட்டை வீட்டுக்கு வந்தது. ஐப்பசியில் ஒரு டெய்லர் வந்தான், முத்துசெல்வியின் யூனிபார்ம் பதினெட்டு ரூபாயில் முடிந்தது. எண்ணெய்க்கு ஒருத்தர், கேஸ் ஏஜென்சிக்காரர் ஒருத்தர், பெட்ரோல் பங்க்காரர் ஒருத்தர், டியூஷன் வாத்தியார் ஒருத்தர், கடன் தவணைக்குக் கூட்டுறவுச் சங்கச் செயலாளர் ஒருத்தர். மார்கழியில் பல் டாக்டர் ஒருவர் மூணே நாள் இருந்தார். அதற்குள் உமாதேவியின் கடைவாய்ப் பல்லுக்கு விலை பேசியாகிவிட்டது. பதினெட்டாம் தேதிக்குப் பிறகும் வீட்டில் குழம்பு கொதித்தது. அய்யாத்துரை மாசாமாசம் வந்து நூற்றிருபதை வாங்கிக்கொண்டு போனார். அந்தக் குழம்புக்குக் காரணமே எழுநூற்றுப் பத்துதான் என்று நினைத்து, மற்ற வார்டர்களின் பெண்டாட்டிமார் தங்கள் புருசன்மாரை, உள்ளே போய்ச் சம்பளத்தைச் சொல்லித் தொலையுங்கள் என்று நச்சரிக்க ஆரம்பித்தார்கள்.

மறுவருசம் முத்துசெல்வி பிளஸ் டூவில் ஐந்நூற்று நாற்பத்தொரு மார்க் வாங்கினாள். நர்சிங் படிக்க வேண்டும் என்றாள். வெளியே பீஸ் வருசத்துக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம். அட்மிஷன் முடிய இன்னும் இருபது நாள் இருக்கிறது. காலையில் பேப்பர் வந்ததும் உமாதேவி கைதுச் செய்திப் பக்கத்தைத்தான் முதலில் விரிக்கிறாள். நேற்று ஒரு காலேஜ் தாளாளர் இடத்தகராறில் மாட்டியிருந்தார். விசாரித்தால் இன்ஜினியரிங் காலேஜ்.

"நம்ம சரகத்துல எத்தன நர்சிங் காலேஜ் இருக்கு? ஒருத்தராவது மாட்டாமலா போயிருவாரு" என்று சொல்லிவிட்டு, பேப்பரை மடித்து வைத்து, உளுந்து ஊறப்போடப் போனாள்.