அஞ்சும் எரியுதா

…நடுவில் உள்ளதை முதலில் மாட்டியிருக்கக் கூடாதோ, ஓரத்திலிருந்து வந்திருந்தால் கோடு இப்படி இழுத்திருக்காது, ஆனால் கூரை விளக்கென்றால் நடுவில்தானே தொடங்குவது, எத்தனை வண்டிக்கு மாட்டியிருப்பார், இவர் கண்ணை மூடிக்கொண்டே மாட்டுவார் என்று பட்டறையில் ஒருத்தன் சொல்வான், சொன்னவன் வாயில் அன்றைக்கு என்ன இருந்ததோ… அவர் ஸ்டூலின் மேல் நின்று, பழைய பிக்கப்பின் கூரைமேல் பாதி உடம்பைச் சாய்த்து, கடைசி விளக்கின் திருகாணியைத் தேடிக்கொண்டிருந்தார். இப்போதுதான் வலது கைப்பக்கம் வைத்தார். வலது கைப்பக்கம் என்றால் அங்கேதானே இருக்க வேண்டும்? தகரத்தின்மேல் விரல்களை நடக்கவிட்டார். வெயிலில் தகரம் தோசைக்கல்லாய்க் காய்ந்திருந்தது. கீழே கேபினுக்குள் அவர் மனைவி, உள்பக்கம் நட்டைப் பிடித்துக்கொண்டு, அண்ணாந்து அண்ணாந்து கழுத்து செத்துப்போய் உட்கார்ந்திருப்பாள். "என்னங்க, மேல தூங்கிட்டீங்களா?" என்று அவள் குரல் ஓட்டை வழியாக வந்தது. "இரு, இரு" என்றார். விரல் திருகாணியைத் தொட்டது, தொட்டதும் அது உருண்டு எங்கோ போனது, போனதைக் காது பார்த்தது, கண் பார்க்கவில்லை.

பரவாயில்லை, சட்டைப்பையில் இன்னொன்று இருக்கிறது. இப்போதெல்லாம் எதையும் இரண்டாக எடுத்துக்கொண்டுதான் ஏறுகிறார், அதை அவள் கவனித்திருப்பாளா? கவனித்திருந்தால் கேட்டிருப்பாள், அவள் வாய் சும்மா இருக்காது, ஊரார் துணியைத் தைத்துக்கொண்டே ஊர்க் கதை முழுக்கத் தைப்பவள். பழைய இரும்புக் கடையின் பின்பக்கத்திலிருந்து இந்தப் பிக்கப்பை இழுத்துக்கொண்டு வந்த அன்றைக்கு, பின்தட்டில் ஒரு செடி முளைத்து ஆள் உயரம் நின்றது, அவள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "வண்டி வாங்கப் போனீங்களா, தோட்டம் வாங்கப் போனீங்களா?" என்றாள். சிரிப்புதான், ஆனால் அன்றைக்கு மாலையே துருவைச் சுரண்ட உப்புத்தாளை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் ஊரான் வண்டிக்கெல்லாம் ஒடுக்கெடுத்து, பெயிண்ட் அடித்து, பளபளவென்று அனுப்பிவிட்டு, நடந்தே வீட்டுக்கு வந்த மனுஷன். ஒரு நாள் சொந்த வண்டியில உன்னை முன் சீட்டுல உட்கார வச்சுக் கூட்டிட்டுப் போறேன் என்று சொல்லியிருந்தார், எங்கே என்று அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை… எங்கேதான் போவதாக இருந்தார்? யோசித்ததே இல்லை. சும்மா, தார் ரோடு போகிறவரைக்கும்.

கூரை விளக்கு வேண்டுமென்றது அவர்தான். அந்தக் காலத்து வேலை வண்டிகளில் கேபின் நெற்றியில் வரிசையாக ஐந்து மஞ்சள் விளக்கு இருக்கும், வண்டி எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம் என்று இருட்டில் எதிரே வருகிறவனுக்குச் சொல்வதற்கு. இந்தச் சின்ன வண்டிக்கு அது தேவையே இல்லை, மச்சினன்கூடச் சொன்னான், "எதுக்கு மாமா, எலிக்குட்டிக்குக் கொம்பா?" என்று. அவளோ, "எனக்குக் கண்ணாடி மாத்த நேரமில்ல, வண்டிக்கு அஞ்சு கண்ணு கேக்குதா?" என்றாள். கண் என்று அவள் சொன்னபோது அவர் ஸ்பானரை எடுக்கிற மாதிரி குனிந்துகொண்டார். அதற்கு முன்பே கண் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். வாஷர் வாங்கிவருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்… ஒரு பெட்டிக்குள் தலையை வைக்கச் சொன்னார்கள், புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தணும் என்றார்கள், அவரும் தயாராக உட்கார்ந்திருந்தார், புள்ளி வரவே இல்லை, மெஷின் இன்னும் ஆரம்பிக்கலையாம்மா என்று கேட்டார். ஆரம்பித்து முடிந்தே போயிருந்தது. அந்த டாக்டரம்மா பேத்தி வயசுப் பெண், மெதுவாகத்தான் சொன்னாள், கண்ணுக்குள்ளே அழுத்தம், நரம்பு பட்டுப்போச்சு, போனது போனதுதான் ஐயா, மீதியைக் கொஞ்ச நாள் பிடிச்சு வைக்கலாம், வண்டி கிண்டி ஓட்டாதீங்க. அவர் தலையாட்டினார். துருப்பிடித்துச் சல்லடையான வண்டியைக் கொண்டுவருகிறவனிடம் அவரே எத்தனை தடவை சொல்லியிருக்கிறார், கண் கெட்ட பிறகு… வேண்டாம், அந்தப் பழமொழியை முடிக்க வேண்டாம். திரும்பிவரும்போது மறக்காமல் வாஷர் வாங்கினார்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும், உளியும் சுத்தியும் கையைவிட்டுப் போகும், ஒரு நாற்காலியில் உட்கார வைப்பார்கள், வெந்நீர் கொண்டுவருவார்கள். அதைவிட இது மேல். வண்டி முடியட்டும், முடிந்தபின் சொல்லலாம் என்று நினைத்தார், அப்புறம் வேண்டுமென்றே முடிக்காமல் இருந்தார், சீட்டைப் பிரித்து மறுபடி தைக்கச் சொன்னார், பம்பரைக் கழற்றி மறுபடி மாட்டினார். இந்த விளக்கு மாட்டினால் பாக்கி ஒன்றுமே இல்லை. மச்சினன் சாயங்காலம் வருகிறான், "மொத தடவை நீங்கதான் ஓட்டணும் மாமா" என்று சாவியை நீட்டப்போகிறான். அப்போது என்ன செய்வது? முட்டி வலி என்று சொல்லலாமா? கிளட்ச் மிதிக்க முடியவில்லை என்று… எத்தனை நாளைக்கு முட்டி வலிக்கும்?

திருகாணி இறுகியது. இறங்க இடது காலைப் பின்னால் விட்டார், ஸ்டூல் இருக்க வேண்டிய இடத்தில் காற்று இருந்தது. கூரை விளிம்பைப் பிடித்தார், பிடித்த கை வழுக்கி, தாடை தகரத்தில் மோதி, ஒரு நிமிஷம் துணி காயப்போட்ட மாதிரி தொங்கினார். அவள் எப்படி வெளியே வந்தாள், எப்போது அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்தாள் என்று தெரியவில்லை. "விடுங்க, நான் புடிச்சிருக்கேன், விடுங்க" என்றாள். தரைக்கு வந்ததும் அவர் சிரித்தார், "ஸ்டூல் ஆடுது" என்றார். அவள் சிரிக்கவில்லை. "இனிமே மேல ஏற வேண்டாம்" என்றாள், அதட்டலாக இல்லை, கெஞ்சலாகவும் இல்லை, குழந்தையின் கையிலிருந்து கத்தரிக்கோலை வாங்குகிற மாதிரி. அந்தக் குரலை அவர் இதுவரை கேட்டதில்லை… அல்லது கேட்டும் கவனிக்காமல் இருந்தாரா?

"சரி சரி, எரியுதான்னு பாப்போம்" என்று கேபினுக்குள் கையைவிட்டு ஸ்விட்சைத் தட்டினார். பின்னால் நகர்ந்து வந்து வண்டிக்கு எதிரே அவள் பக்கத்தில் நின்றார். வெயில் கண்ணாடியில் வெள்ளையாகக் கொதித்தது. நடுவில் மஞ்சளாக ஏதோ தெரிந்தது, எரிவதா, வெயிலா? ஒவ்வொன்றாகத் தலையைத் திருப்பித் தேடினார், ஒன்று கிடைத்தது, அடுத்ததைத் தேடும்போது முதலாவது தொலைந்தது. "அஞ்சும் எரியுதா?" என்றார், சும்மா கேட்கிற மாதிரி. "எரியுதுங்க" என்றாள். "ஓரத்துல இருக்கிறது?" "அதுவும்தான். அஞ்சும் ஜம்முனு எரியுது." அவருக்கு நெஞ்சு நிறைந்துபோனது, கையும் மனசும் இன்னும் கெட்டுப்போகவில்லை பார், கண் போனால் என்ன என்று ஒரு கணம், ஒரே கணம், நினைத்தார். "ஆமா, நல்லாத்தான் இருக்கு" என்றார். அவள் போய் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

திறந்து கிடந்த பானெட்டை மூட அவர் முன்பக்கம் வந்தார், கம்பியை விடுவிக்கக் கையை உள்ளே விட்டபோது, பேட்டரி ஒயர் கையில் தட்டுப்பட்டது. தனியாகக் கிடந்தது. வயரிங் வேலைக்கு முன்னால் காலையில் அவரே கழற்றி வைத்தது, திரும்ப மாட்டவில்லை. தடவிப் பார்த்தார், பேட்டரியின் முனை மொட்டையாக இருந்தது. வண்டியில் ஒரு சொட்டுக் கரண்ட் இல்லை. விளக்கு எரியவே இல்லை. ஒன்றுகூட எரியவில்லை.

மறுபடி ஏறிவிடுவாரோ என்று பயந்து சொல்லியிருப்பாள், அவ்வளவுதான், இப்போது விழப்போனதைப் பார்த்தாள் இல்லையா… அவ்வளவுதானா? எரியாததை எரியுது என்று சொன்னால் கண்ணிருக்கிறவன் சண்டைக்கு வருவான், நான் பார்க்கவில்லையா என்பான், இவர் வரமாட்டார் என்று எப்படித் தெரிந்தது அவளுக்கு? எப்போதிலிருந்து தெரியும்? வாஷர் வாங்கப் போன அன்றைக்கா, அதற்கும் முன்னாலா? இத்தனை நாளாக, இது சமமா இருக்கா, அந்த ஒடுக்கு மறைஞ்சுதா, பெயிண்ட் வழியலையே என்று அவர் கேட்கக் கேட்க, நல்லா இருக்குங்க, நல்லா இருக்குங்க என்றாளே, எதெது நல்லா இருந்தது? அவர் நடந்து வலது கதவருகே வந்து நின்றார், உள்ளங்கையை அதன்மேல் வைத்தார், மழமழவென்றுதான் இருந்தது, ஆனால் நிறத்தைக் கை எப்படிப் பார்க்கும், இந்தக் கதவுக்கு மட்டும் அப்புறமாகத் தனியாகக் கலக்கி அடித்தது…

"இந்தா" என்றார். "ரெண்டு கதவும் ஒரே கலர்தானே?"

முன் சீட்டிலிருந்து, அவர் கேள்வி முடிவதற்குள், பதில் வந்தது.

"ஒரே கலர்தாங்க."

அவள் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாளா, பார்க்காமலே சொன்னாளா என்று அவருக்குத் தெரியவில்லை.