செத்துக் கிடந்தவள் ஒரு கண்ணைத் திறந்தாள்

1

இந்தக் கதை பிறந்தது ஒரு வீட்டுச் சண்டையில். நான் சொல்லித்தான் அன்று எர்சிலியா எழுந்தாள் என்கிறேன் நான். தானாகவே எழுந்தேன் என்கிறாள் அவள், அதாவது என் மனைவி. எழுதியே தீர்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

இத்தாலியில் எங்கள் பெல்லூனோ நகர அரங்கில், மேடையின் முன்விளிம்பில் ஒரு குழி உண்டு. அதில் உட்கார்ந்து, பாடகர்கள் மறந்துபோகும் வரியை எடுத்துக்கொடுப்பது தீத்தா என்கிற என் வேலை.

2

1887. மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு—

(வேண்டாம். அன்று மழையே இல்லை. பேனாவைத் தொட்டாலே இந்த மழை வந்துவிடுகிறது.)

அங்குவானா எங்கள் மலைப் பழங்கதைகளில் வரும் ஏரிக்காரி. பேரழகி, கால் மட்டும் ஆட்டுக்கால். ஒருவனைக் கட்டிக்கொண்டு பிள்ளை பெறுவாள். 'ஆட்டுக்காலி' என்று அவன் ஒரே ஒரு தரம் ஏசினால் போதும், ஏரிக்கே போய்விடுவாள். ஆனாலும் விடியுமுன் வந்து பிள்ளைகளுக்குத் தலை வாரிவிட்டுப் போவாள். மிலானிலிருந்து வந்த மாஸ்ட்ரோ, அதாவது இசையமைப்பாளர், இதை ஓபரா என்னும் பாட்டு நாடகம் ஆக்கினார். கடைசியில் அவளை ஏரியில் சாகடித்தும் விட்டார். கதாநாயகி செத்தால்தான் ஓபராவாம், கண்ணராவி.

எர்சிலியாவுக்கு அதுதான் முதல் பெரிய வேடம். தோற்றால் மறுபடி பட்டு ஆலையில் நூல் சுற்றப் போகவேண்டும்.

3

செத்தாள். அழகாகத்தான் செத்தாள். மேல்மாடத்திலிருந்து விசில் கிளம்பியது. (உங்கள் ஊரில் விசில் பாராட்டாக இருக்கலாம். எங்களிடம் அது செருப்படி.)

பால்காரி மேனெகா மாடத்தின் கம்பியில் தொங்கிக்கொண்டு கேட்டாள்: “யோவ் மிலான்காரரே, அங்குவானா எங்கயாவது சாவாளாய்யா? புள்ளைங்களுக்கு உங்கம்மாவா வந்து தலை வாருவா?”

இசைக்குழுவின் நடுவிலிருந்து மாஸ்ட்ரோ பல்லைக் கடித்தார். “அப்படியே கிட, எர்சிலியா. எழுந்தேன்னா என் ஓபராவுல ஒனக்கு இனி இடமே கிடையாது.”

என் மூக்குக்கு நேரே கிடந்த பிணம் ஒரு கண்ணைத் திறந்தது.

“தீத்தா, அடுத்த வரி என்ன?”

“வரியே இல்லம்மா. நீ செத்துட்ட.”

“ஆலைக்கு நான் போகமாட்டேன். ஏதாவது சொல்லித் தொலையேன்.”

4

முதல் முடிவு: ‘எழுந்து தலையை வாரு’ என்று கிசுகிசுத்தேன். எழுந்தாள். அங்குவானாவின் பிள்ளைகளாக நடித்துவிட்டு மேடையோரம் நின்ற சிறுவர்களை இழுத்து உட்காரவைத்து, தலை கோதி, எங்கள் மலைத் தாலாட்டைப் பாடினாள். மேல்மாடமே விம்மியது.

இரண்டாம் முடிவு: எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அவளாகவே—

“ரெண்டாவதுதான் நெசம்” என்கிறாள் என் தோளுக்குப் பின்னாலிருந்து, பொலெந்தா என்னும் சோளக்களி கிளறிய கரண்டியோடு. “மொதல்ல எழுதினத அடிச்சிரு.”

“அப்புறம் இந்தக் கதையில எனக்கு என்ன வேலை?”

“வாயப் பொளந்துகிட்டு பாத்துட்டு இருந்தியே, அது பத்தாதா?”

பத்தும்தான். அன்று பிளந்த வாயை நான் இன்னும் மூடவில்லை.

5

ஆகவே வாசகரே, குழியை உங்களிடம் விடுகிறேன். பார்த்து இறங்குங்கள், தலை இடிக்கும். விசில் காதைக் கிழிக்கிறது. மாஸ்ட்ரோ முறைக்கிறார். அவள் உங்களையே பார்க்கிறாள். ஒரு வரி சொல்லுங்கள்.

அதற்குள் அவளாகவே எழுந்துவிட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் கேட்டதுபோல, ‘என்னைக் கட்டிக்கொள்கிறாயா’ என்று கேட்டுவிடுங்கள்.