நார் குடித்த மன்னிப்பு

கிட்ட வாங்க கண்ணுங்களா. இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்காருங்க, என் குரல் முன்ன மாதிரி தூரம் போறதில்லை. புருஷன் பெண்டாட்டி சண்டையைத் தீர்த்து வைக்க ஓடுகிறவங்களைப் பத்தி நிறையக் கேட்டிருப்பீங்க. இன்னைக்கு, அந்தச் சண்டை தீர்ந்துடக் கூடாதேன்னு பதறிக்கிட்டுக் கிடந்த ஒரு நல்ல மனுஷனோட கதையைச் சொல்றேன்.

ஒரு சர்க்கரை ஆலையின் பின்கட்டில் மூன்று அறை கொண்ட ஓர் ஆய்வகம். அதன் தலைவருக்குப் புள்ளியார் என்று பெயர். தொந்தி இருந்தது உண்மைதான், ஆனால் பெயர் அதனால் வந்ததல்ல. எதைச் சொன்னாலும் ஒரு புள்ளி வைத்து, அதற்குப் பின்னால் இரண்டு இலக்கமும் சொல்வார். மணி கேட்டால் பத்தேகால் என்று வராது. பத்து புள்ளி இரண்டு ஐந்து என்று வரும். என்மேல் எவ்வளவு பிரியம் என்று கேட்ட மனைவிக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு புள்ளி ஐந்து பூஜ்யம் என்று பதில் சொல்லிவிட்டு, அந்த மிச்சம் ஒன்றரைக்காக இரண்டு நாள் ஓட்டல் சாப்பாடு சாப்பிட்டவர்.

அவருடைய வேலை விசித்திரமானது. கரும்பை எப்படிப் பிழிந்தாலும் அதன் நாரோடு கொஞ்சம் தண்ணீர் ஒட்டிக்கொண்டே இருக்கும். அந்தத் தண்ணீருக்குக் கர்வம் அதிகம். சர்க்கரையைத் தன் பக்கத்தில் அண்டவிடாது. அது எவ்வளவு என்று தெரியாவிட்டால் ஆலையின் சர்க்கரைக் கணக்கு உதைக்கும். பிழிந்தாலும் வராத தண்ணீரை எப்படி அளப்பது? நாரை இனிப்புப் போகக் கழுவி, அடுப்பில் வைத்து ஒரு சொட்டு ஈரமில்லாமல் காயவைப்பார்கள். பாட்டிலில் போட்டு எடை பார்த்து, சர்க்கரைத் தண்ணீரை ஊற்றி மூடிக் குலுக்குவார்கள். தாகத்தில் தவிக்கும் நார் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டுச் சர்க்கரையை ஒதுக்கிவிடும். மிச்சமிருக்கும் தண்ணீரின் இனிப்பு கூடிவிடும். எவ்வளவு கூடியது என்று பார்த்தால், நார் எவ்வளவு குடித்தது என்று தெரிந்துவிடும். அவ்வளவுதான்.

ஆனால் புள்ளியாருக்கு அந்த எண் பிடிபடவேயில்லை. ஒரே மூட்டை நார், ஒரே சர்க்கரைத் தண்ணீர். திங்கட்கிழமை நூற்றுக்கு இருபத்துமூன்று என்று வரும். செவ்வாய்க்கிழமை பத்தொன்பது. புதன்கிழமை இருபத்தொன்று. ஆண்டுக்கொரு முறை தலைமை ஆய்வகம் ஒன்பது ஆலைகளுக்கு ஒரே நாரை அனுப்பி, மூன்று தடவை அளந்து எழுதச் சொல்லும். மூன்றும் ஒன்றையொன்று ஒட்டி வரவேண்டும். புள்ளியாரின் ஆய்வகம் தொடர்ந்து இரண்டு வருஷம் தோற்றிருந்தது. மூன்றாவதும் தோற்றால் இந்த ஆய்வகம் சாக்கு அடுக்கும் இடமாகிவிடும். அவர் பழையபடி வாசல் எடைமேடைக்குப் போய் லாரி நிறுக்க வேண்டும். பதினொரு வருஷம் அங்கே புழுதி தின்று மேலே வந்தவர் அவர். அங்கே எல்லாம் முழு டன். புள்ளிக்கு வேலையே கிடையாது.

அவரிடம் வேலை செய்தவர்கள் இரண்டே பேர், அவர்களும் கணவன் மனைவி. எடை போடுகிறவள் தராசக்கா. நாரைக் கழுவிக் காயவைக்கிறவர் அவள் புருஷன். அவருக்கு வானொலி என்று பெயர், ஏனென்று நான் சொல்லத் தேவையில்லை. தராசின் பக்கத்தில் நின்றுகொண்டு, காலையில் பஸ்ஸில் பார்த்த சண்டையிலிருந்து ஆரம்பித்தாரென்றால், கதை முடியும்வரை தராசக்காவின் கையிலிருக்கும் மூடி பாட்டிலுக்குப் போகாது. அவளும் சளைத்தவள் அல்ல. நடுநடுவே குறுக்குக் கேள்வி போடுவாள்.

சோதனைக்குப் பத்து நாள் இருக்கும்போது சண்டை வந்தது. வானொலி தன் அக்கா வீட்டு விருந்தில் இருபது பேர் நடுவில், என் பெண்டாட்டி வீட்டிலும் உப்பைத் தராசில் நிறுத்துத்தான் போடுவாள், அப்படியும் கரிக்கும் என்று சொல்லிவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அதையும் பொறுத்திருப்பாள். ஆனால் அக்காக்காரி, "தராசை மாத்து தம்பி, இல்லேன்னா ஆளை மாத்து" என்றாள். அதற்கும் இவர் சிரித்துவிட்டார்.

மறுநாளிலிருந்து தராசக்கா வாயைத் திறக்கவில்லை. வானொலியும் முறுக்கிக்கொண்டு வாய் மூடிக் கிடந்தார். மூன்றாம் நாள் எண்ணைப் பார்த்த புள்ளியார் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். 25.02. அதற்கு மறுநாள் 25.07. அதற்கும் மறுநாள் 24.98.

அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. குறிப்பேட்டைப் புரட்டித் தேதிகளை ஒப்பிட்டார். அடுப்பு அதே அடுப்பு, நார் அதே நார். மாறியிருந்தது ஒன்றே ஒன்று: இவர்கள் பேசிக்கொள்ளவில்லை. காரணம் புரியவில்லை. விஞ்ஞானம் படித்தவன் இதைப் போய் நம்புவதா என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் எடைமேடை கண்முன்னே வந்து நின்றது. சோதனை முடிகிறவரை இந்தச் சண்டையைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றுவதென்று முடிவு செய்தார்.

அது லேசான காரியமாக இல்லை. ஐந்தாம் நாளே வானொலி இளகிவிட்டார். முகத்தைப் பார்த்துச் சொல்லப் பயமாயிருக்கிறது, தப்பு என்மேல்தான் என்று அவளிடம் சொல்லிவிடுங்கள் சார் என்று கெஞ்சினார். புள்ளியார் தலையாட்டிவிட்டு உள்ளே போய், அடுப்பு நூற்றைந்து டிகிரிக்கு வந்துவிட்டதாம் என்றார். அன்று மத்தியானம் தராசக்கா, அவர் சாப்பிட்டாரா என்று கேளுங்கள் சார் என்று இழுத்தாள். இவர் வெளியே வந்து, நார் காய்ந்ததா என்று கேட்கிறாள் என்றார். "இதைத்தான் கேட்டாளா?" என்று வானொலி முகம் வாடிப்போனார். வராந்தா ஓரத்தில் அவர் தனியாக உட்கார்ந்து சோற்றைப் பிசைந்து பிசைந்து வைப்பதைப் பார்த்த புள்ளியார் தன் சோற்றைப் பாதியில் மூடி வைத்தார். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

சோதனை நாள் வந்தது. முதல் அளவு 25.03. இரண்டாவது 25.05. புள்ளியார் கைகளைக் கட்டிக்கொண்டு மூச்சுவிடாமல் நின்றார். தராசக்கா மூன்றாவது கிண்ணத்துக் காய்ந்த நாரை, தராசில் வைத்திருந்த பாட்டிலில் போட்டாள். ஐந்து கிராம், அச்சாக நின்றது. அந்த நேரம் பார்த்து வானொலிக்கு அணை உடைந்துவிட்டது. தராசின் பக்கம் சாய்ந்து, ஒன்பது நாள் மூச்சையும் சேர்த்து விட்டார்.

"உப்பு சரியாத்தான் இருந்துச்சு. எப்பவும் சரியாத்தான் இருக்கு. நாலு பேர் சிரிக்கணும்னு சொல்லிட்டேன். அக்கா சொன்னதுக்கு நான் சிரிச்சதுதான் பெரிய தப்பு. மன்னிச்சுடு."

புள்ளியார் பின்னாலிருந்து இரண்டு கையையும் ஆட்டினார். யாரும் பார்க்கவில்லை. தராசக்காவின் கண் நிறைந்திருந்தது, ஆனால் பார்வை தராசின் எண்ணை விட்டு நகரவில்லை.

"இன்னொரு தடவை சொல்லுங்க," என்றாள்.

"மன்னிச்சுடு."

"கிட்ட வந்து சொல்லுங்க."

வானொலி முகமெல்லாம் மலர்ந்துபோய், குனிந்து, "மன்னிச்சுடும்மா" என்று உருகினார்.

"சார், இங்க வாங்க," என்றாள் தராசக்கா. "இவர் ஒவ்வொரு தடவை மன்னிப்புக் கேக்கறப்பவும் நார் கனத்துக்கிட்டே போவுது."

புள்ளியார் ஓடிவந்து பார்த்தார். ஒவ்வொரு மன்னிப்புக்கும் நின்ற எண்ணை அவள் வரிசையாகச் சொன்னாள். 5.002. 5.004. 5.006. அவருக்கு மண்டையில் ஓங்கிக் குட்டினாற்போல் உறைத்தது. பேச்சின் மூச்சு ஈரம். காய்ந்த நார் அதைக் குடித்துவிடுகிறது. மூன்று மன்னிப்புக்கே இவ்வளவென்றால் ஒரு முழு பஸ் கதைக்கு எவ்வளவு! அதில் தாகம் பாதி தீர்ந்துவிட்டால் அப்புறம் சர்க்கரைத் தண்ணீரில் எதைக் குடிக்கும்?

"பாட்டில் வாய் திறந்திருக்கறப்ப நம்ம வாயை மூடிக்கிட்டாப் போதும் சார்," என்றாள் அவள். "மத்த நேரமெல்லாம் பேசலாம்."

மத்த நேரமெல்லாம் பேசலாம். அந்த வார்த்தை புள்ளியாரின் நெஞ்சில் போய்த் தைத்தது. அதற்குள் வானொலி, நான் சொல்லி அனுப்பியதெல்லாம் உனக்கு வரவில்லையா என்று மனைவியைக் கேட்டுவிட்டார். அடுப்புச் சூடுதான் வந்தது என்றாள் அவள். இருவரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள்.

புள்ளியார் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். எடைமேடையைச் சொன்னார், குறிப்பேட்டைக் காட்டினார். கடைசியில், வராந்தாவில் பார்த்த சோற்றையும் சொன்னார். தராசக்கா அவரை மேலிருந்து கீழாக ஒரு பார்வை நிறுத்துப் பார்த்தாள். 

மூன்றாவது நாரோ கெட்டுப்போயிற்று. மறுபடி காயவைத்து அளக்கலாம், ஆனால் படிவத்தில் காரணம் எழுத வேண்டும். கரண்ட் போய்விட்டது என்று எழுதிவிடலாமே சார் என்றார் வானொலி, இளகின மனசுக்காரர். புள்ளியார் பேனாவைத் திறந்தார். உள்ளதை எழுதினால் தலைமை ஆய்வகமே கைகொட்டிச் சிரிக்கும், ஆய்வகமும் போகும். ஆனால் ஐந்து நாள் பொய்த் தகவல் கொண்டுபோன கை அது. இன்னொன்றைத் தூக்க அதற்குத் தெம்பில்லை. எழுதினார்: "எடை போடும்போது உதவியாளர் தம் மனைவியிடம் மூன்று முறை மன்னிப்புக் கேட்டார். நார் ஈரமானது."

தராசக்கா எட்டிப் படித்தாள். ஒன்பது நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, அடுப்பில் நார் காய்கிறவரைக்கும் சிரித்தாள். அந்த நேரம் முழுக்க அவளும் வானொலியும் வராந்தாவில் உட்கார்ந்து பேசிய பேச்சு, எடைமேடைவரை கேட்டதாம். எடை போட உள்ளே வந்ததும் இருவரும் உதட்டை இறுக்கிக்கொண்டார்கள். மூன்றாவது அளவு 25.04.

பதினெட்டாம் நாள் கடிதம் வந்தது. புள்ளியாருக்குப் பிரிக்கத் தைரியமில்லை. தராசக்காதான் பிரித்துப் படித்தாள். தேறிவிட்டார்கள். ஒன்பது ஆலைகளில் இவர்களுடைய மூன்று எண்களைப்போல் ஒட்டி நின்றது வேறு எவருடையதும் இல்லையாம். காரணம் ஏற்கப்பட்டது என்றும் எழுதியிருந்தார்கள். அடியில் யாரோ பேனாவால் ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: எங்களிடமும் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள்; ஒரு மன்னிப்புக்கு நார் எவ்வளவு கனத்தது என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

புள்ளியார் அன்றே பதில் போட்டார்: ஒரு மன்னிப்புக்குச் சராசரி இரண்டு புள்ளி பூஜ்யம் பூஜ்யம் மில்லிகிராம்.

அவ்வளவுதான் கண்ணுங்களா. எழுந்து போங்க, கால் மரத்திருக்கும். உங்க வீட்டில் கோபம் வந்தா அடுத்த வேளைச் சாப்பாட்டுக்குள்ள ஆறட்டும். ஒருத்தருக்கொருத்தர் சொல்ல நினைக்கிற நல்ல வார்த்தை, போய்ச் சேர வேண்டிய காதுக்கு நேராப் போய்ச் சேரட்டும். வீடு நிறைய ஆளும் பேச்சுமா, நல்லா இருங்க.