நாலாவது பிளக்

அவளுடைய கணவரைக் கைராசிக்காரர் என்றுதான் இரண்டு வீட்டாரும் சொல்வார்கள். யார் வீட்டு மிக்ஸி நின்றாலும், எந்த அத்தை வீட்டுக் கதவு சாத்த வராவிட்டாலும், போன் இவருக்குத்தான் வரும். இவரும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அவர் தொட்டுக் கெட்டுப்போன பொருள் என்று ஒன்று கிடையாதாம். இதை வேறு யாரும் சொல்லவில்லை, அவரேதான் வாரத்துக்கு இரண்டு தடவை சொல்வார்.

அவள் நர்ஸ். பதினோரு வருஷம் ஒரே ஆஸ்பத்திரியில் மாடாய் உழைத்தவள், படுத்த படுக்கையாகிவிட்ட மாமியாரைப் பார்த்துக்கொள்வதற்காக வேலையை விட்டாள். மாமியார் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகியும், வேலைப் பேச்சை எடுத்தால் "இப்ப என்ன அவசரம்?" என்பார் அவர். போன மாதம் அவளாகவே ஒரு வேலை தேடிக்கொண்டாள். நடமாட முடியாதவர்களின் வீடுகளுக்கே போய் ரத்தம் எடுத்து வர வேண்டும். அதற்குச் சொந்தக் கார் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குக் காரோடு வந்து நிற்க வேண்டும், இல்லாவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொள்வோம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

கார் அவளிடம் இருந்தது, அவள் சம்பளத்தில் வாங்கியது. ஆனால் ஒரு மாதமாகச் சண்டித்தனம் செய்தது. காலையில் லேசில் கிளம்பாது. கிளம்பினாலும் மேடு வந்தால் உதறும். பெட்ரோலை மட்டும் தண்ணீராய்க் குடிக்கும். தெருமுனை மெக்கானிக் அது ஓடிய தூரத்தைப் பார்த்துவிட்டு, "நாப்பதாயிரம் தாண்டிடுச்சுக்கா. நாலு ஸ்பார்க் பிளக்கையும் மாத்திடுங்க, சரியாயிடும். அரை மணி நேர வேலை" என்றான்.

"இந்தச் சுண்டைக்காய் வேலைக்கு மெக்கானிக்கா? நான் எதுக்கு இருக்கேன்?" என்றார் கைராசிக்காரர்.

அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவள் வேலை தேடிய நாளிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த மனுஷன், ஒருவழியாக இறங்கி வந்துவிட்டாரே என்று சந்தோஷப்பட்டாள், பாவம்.

அவர் வேலை செய்கிற அழகு அவளுக்குத் தெரியும். போன வருஷம் அவருடைய தங்கை காருக்கு இதே வாசலில் வைத்துத்தான் பிளக் மாற்றினார். முந்தின நாளே காரை வரவழைத்து இரவு முழுக்க ஆறவிட்டார். காலையில் பிளக் குழியைச் சுற்றியிருந்த தூசியை ஊதித் துடைத்தார். ஒன்றைக் கழற்றிப் புதியதைப் போட்ட பிறகே அடுத்ததைத் தொட்டார். புதுப் பிளக்கின் தலையை ஒரு சாண் ரப்பர் குழாயில் செருகி, குழாயை விரல் நுனியால் சுற்றி உள்ளே இறக்கினார். "கோணலா போச்சுன்னா குழாய் வழுக்கிடும், குழிக்குள்ள இருக்கிற திருகு மரைக்கு ஒண்ணும் ஆகாது. ஸ்பேனருக்குக் கண்ணு தெரியாதும்மா, அறுத்துட்டுப் போயிடும். அது கடைசியிலதான், அரைச் சுத்து" என்று அவளுக்கு விளக்கமும் சொன்னார். ரத்தக் குழாய் தேடுகிற தன் விரலைப் போலவே இருக்கிறதே என்று அவளுக்கு அன்று பெருமையாக இருந்தது.

இந்த ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரை மணிக்கு, "ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வா, எப்படி உதறுதுன்னு நான் கேக்கணும்" என்று அவளை அனுப்பினார். அரை மணி நேரம் சுற்றிவிட்டு வந்தாள். வண்டி நின்றதும் பானெட்டைத் திறந்தார்.

"ஆற வேண்டாமாங்க?"

"எனக்கே சொல்றியா நீ?"

அவள் புதுப் பிளக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். நாலாவது பிளக் உள்ளே போகும்போது கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. அவர் நிறுத்தவில்லை. ஸ்பேனரை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு பிளக் எதிலும் பிடிக்காமல் சும்மாவே சுற்றியது.

ஓடிவந்த மெக்கானிக் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தான். "சூட்டோட கழட்டினீங்களா சார்? உள்ள அலுமினியமாச்சே, சூட்டுல இளகிக் கிடக்குமே! மரை மொத்தமா போச்சு. இன்ஜின் ஹெட்டைக் கழட்டி லேத் பட்டறைக்கு அனுப்பணும். அஞ்சு நாள் ஆகும்."

"அவசரத்துல கை தப்பிடுச்சு" என்றார் அவர். அவளைப் பார்க்காமல் சொன்னார்.

அழுகையை அடக்கிக்கொண்டு, ஸ்பேனரையும் பழைய பிளக்குகளையும் பொறுக்கி மாடிப்படிக்குக் கீழே வைக்கப் போனாள். அங்கே ஆணியில் அந்த ரப்பர் குழாய் தொங்கியது. அதன் வாயில் சிலந்தி கூடு கட்டியிருந்தது. வருஷம் முழுக்க யாரும் தொடவில்லை. வேண்டுமென்றேதான் இதை எடுக்காமல் விட்டாரோ என்று ஒரு கணம் தோன்றியது. சே, புத்தி போகிற போக்கைப் பார், மறந்திருப்பார் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

இரண்டு மணிக்கு நாத்தனாரைக் கூப்பிட்டாள். அஞ்சே அஞ்சு நாளைக்கு உன் காரைக் கொடு என்று கேட்டாள்.

"அண்ணி, என்னைத் தப்பா நினைக்காதீங்க. நீங்க கேப்பீங்க, குடுக்காதேன்னு அண்ணன் சொல்லிட்டாரு. உங்க கார் ரிப்பேர், ஓடாதுன்னாரு. எனக்கு ரெண்டு பக்கமும் இடி."

"எப்ப சொன்னாரு?"

"காலைலயே. நான் துணி ஊறப்போட்டுட்டு இருந்தேன். எட்டு, எட்டரை இருக்கும். ஏன் அண்ணி?"

"ஒண்ணுமில்ல" என்று போனை வைத்தாள். எட்டரை மணிக்குக் கார், உதறினாலும், ஓடுகிற நிலையில்தான் இருந்தது. எட்டரை மணிக்கு அவள் அவருக்கு இரண்டாவது காபி கொடுத்தாள். சர்க்கரை போதுமா என்று வேறு கேட்டாள். அதை நினைத்தபோதுதான் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

ஆணியிலிருந்து குழாயை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவர் சோப்புப் போட்டுக் கைகழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருந்தார்.

"விடும்மா, மனசை விட்டுடாதே. இந்த வேலை இல்லாட்டி என்ன? வீட்ல உனக்கு என்ன குறை?" என்றார், ஆறுதலாக.

அவள் குழாயைச் சிலந்திக் கூட்டோடு அவர் தட்டுப் பக்கத்தில் வைத்தாள்.

"உங்க தங்கச்சிகிட்ட பேசினேன். அவ கார் இன்னும் பூ மாதிரி ஓடுதுங்க."

"ஓடாம? அது நான் மாத்தின பிளக்காச்சே!" என்றார். பெருமை வாயை முந்திக்கொண்டது. அப்புறம்தான் குழாயைப் பார்த்தார். தங்கச்சி என்ற சொல்லும் அப்போதுதான் காதில் ஏறியிருக்க வேண்டும். பிசைந்த சோறு கையிலேயே நின்றது.

"ஆமாங்க. அது நீங்க மாத்தினது" என்றாள் அவள். பிறகு போனை எடுத்து, நாளைக்கு அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்வதற்காக, வேலை கொடுத்தவர்களின் எண்ணை அவர் எதிரிலேயே தேடினாள்.