அசல் திருக்கை, நகல் ஓநாய்

"நகல்ல மேலெல்லாம் முடியா இருக்கே. அசல்ல ஒண்ணுகூட இல்லையே?"

"மெஷின்ல மை கூடிப்போச்சு, சார்."

"மை கூடினா கருப்பாத்தாம்மா விழும். முடி முளைக்காது."

பியூலா ஓநாயின் முதுகு ரோமத்தைத் தடவி அமுக்கிவிட்டாள். அத்தாட்சி அலுவலர் சங்கரபாண்டியன் எழுந்து வந்து ஓநாயை ஒருமுறை சுற்றினார். பிறகு ஜன்னல் வழியே வெளியே எட்டிப் பார்த்தார். வாசலில் லாரி நின்றது. தார்ப்பாய் விரித்து, கடல்தண்ணீர் நிரப்பி, அதில் கொம்பு வைத்த திருக்கையைக் கொண்டுவந்திருந்தாள். அகலம் பதினாறு அடி. லாரி ஏழு அடிதான். இரண்டு ஓரமும் வெளியே ஈரமாகத் தொங்கின.

விஷயம் எளிமையானது. புது வீட்டுக்கு வாடகைக்குப் போவதென்றால் திருக்கையின் அத்தாட்சி பெற்ற நகல் ஒன்று கொடுக்க வேண்டும். அசலை யாரும் கையைவிட்டுக் கொடுப்பதில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்க் கடையில் திருக்கையைக் கண்ணாடிமேல் கவிழ்த்து மூடியை அழுத்தினார்கள். வெளிச்சம் ஒன்று ஓடியது. மறுபக்கம் ஓநாய் வந்தது. சூடாக இருந்தது.

"ஒண்ணு போதுமாக்கா?" என்று கடைக்காரப் பெண் கேட்டாள்.

போதும் என்றாள் பியூலா.

அது நடந்து பதினொரு நாளாகிறது. ஓநாய் அவள் கால்மாட்டில் தூங்கியது. அவள் வேலை விட்டு வரும்வரை தட்டைத் தொடாமல் காத்திருந்தது.

பொருந்தாத நகலை அந்த இடத்திலேயே நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டுவிட வேண்டும். அதுதான் விதி. கூடை மேசைக்கடியில் இருந்தது. ஓநாய் அதைப் பார்த்துவிட்டிருந்தது.

"அசல் வாயை மூடவே மாட்டேங்குது. இது திறக்கவே மாட்டேங்குது."

"கூச்ச சுபாவம், சார்."

"பொருந்தலை," என்று எழுதிக்கொண்டார். அறை நாலடி நீண்டது.

"அசலுக்குக் கண்ணு பக்கத்துக்கு ஒண்ணு. இதுக்கு ரெண்டும் முன்னாடி."

"அது கடலைப் பாக்குது, சார். இது என்னையப் பாக்குது."

"பொருந்தலை. எலும்பு?"

"அசல்ல கிடையாது. எல்லாம் குருத்து."

"நகல்ல?"

"நான் எண்ணலை, சார்."

அறை மேலும் நீண்டது. மேசை இப்போது ஒரு பஸ் நிறுத்தத் தூரத்தில் இருந்தது. அங்கிருந்து அவர் கத்தினார். "வால்?"

"ரெண்டுக்கும் இருக்கு, சார்!" என்று பியூலாவும் கத்தினாள்.

அறை ஓரடி குறைந்தது.

சங்கரபாண்டியன் விதிப்புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே அவ்வளவு தூரமும் நடந்து வந்தார். "இந்தச் சாதித் திருக்கைக்கு வயித்துப் புள்ளிதான் அடையாளம். ஒண்ணுக்கு இருக்கிற மாதிரி இன்னொண்ணுக்கு இருக்காது. ரெண்டையும் வயித்தைக் காட்டச் சொல்லு."

லாரியில் திருக்கை உடனே புரண்டது. தெரு நனைந்தது. வெள்ளை வயிற்றில் ஒன்பது புள்ளிகள். அவர் படம் வரைந்துகொண்டார்.

ஓநாய் அசையவில்லை. பதினொரு நாளில் அது ஒருமுறைகூட வயிற்றைக் காட்டியதில்லை. பியூலா தரையில் மண்டியிட்டாள்.

"காட்டிருல, தங்கம். ஒரே ஒரு தடவை. இல்லன்னா கிழிச்சுருவாங்கல்லா."

ஓநாய் கூடையைப் பார்த்தது. அவளைப் பார்த்தது. பிறகு மெதுவாகச் சரிந்து, நாலு காலையும் மேலே தூக்கி, மல்லாந்து படுத்தது.

அலுவலர் பென்சிலால் ரோமத்தை விலக்கி விலக்கி எண்ணினார். எட்டு வரைக்கும் தடையில்லை.

"ஒன்பதாவது ஒரு பக்கமா சாஞ்சிருக்கே."

பியூலா ஓநாயின் முன்னங்காலைப் பிடித்துக்கொண்டாள். அவர் படத்தைத் திருப்பிப் பார்த்தார். ஜன்னலுக்குப் போய்விட்டு வந்தார்.

"அசல்லயும் சாஞ்சுதான் இருக்கு."

அறை ஒரே தாவில் பழைய அளவுக்கு வந்தது. மேசை அவள் தோளில் இடித்தது. வலிக்கவில்லை. அவர் பச்சை மையால் ஓநாயின் விலாவில், 'அசலுடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். காதில் முத்திரை குத்தினார். ஓநாய் தும்மியது.

பியூலா அதன் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். அழுகையும் கொஞ்சம் வந்தது. பதினொரு நாளாக இறுக்கிப் பிடித்திருந்த தோள்கள் தாமாக இறங்கின. இனி எந்த வீட்டுக்கு வேண்டுமானாலும் போகலாம்.

சங்கரபாண்டியன் அடுத்த ஆளைக் கூப்பிடவில்லை. போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"யம்மா," என்றார், குரலை இறக்கி. "முப்பத்திரண்டு வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். என் அசல் உள்ரூம் பீரோவுல இருக்கு. எனக்கு இதுவரைக்கும் யாரும் ஒப்பிட்டுப் பாத்துக் கையெழுத்துப் போட்டதில்லை. நீ ஒரு நிமிஷம் வந்து, பீரோவைத் திறந்து, அதையும் என்னையும் பாத்துச் சொல்லுதியா?"