டிப்பர் வாங்கிக்கொண்ட இருமல்

பரணிதரனின் டிப்பர் லாரி முதன்முதலாக இருமிய அதே நிமிடத்தில், மூன்று வருடமாக இருமிக்கொண்டிருந்த அவன் மனைவி தமயந்திக்கு இருமல் நின்றுபோனது. அது தை மாதத்துச் செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றே முக்கால். லாரி எம்-சாண்ட் ஏற்றிக்கொண்டு பள்ளிப்பட்டு சாலையில் வந்துகொண்டிருந்தது. தமயந்தி திருத்தணியில், மலைக்குக் கீழே உள்ள வீட்டில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். கல் உடைக்கும் கிரஷரில் நாலு வருடம் ஜல்லி சலித்தபோது அவள் நெஞ்சில் இறங்கிய தூசு அது. திருவள்ளூர் டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, உள்ளே போனது போனதுதான் என்று கையை விரித்திருந்தார். தலைக்கு வந்தது லாரியோடு போயிற்று என்று பரணிதரன் அன்று முருகனுக்குக் கற்பூரம் ஏற்றினான்.

லாரி ஏன் இருமியது என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. ஏர் பில்டர் என்பது மடிப்பு மடிப்பாக வைத்த காகிதம். மணலில் ஓடும் டீசல் என்ஜினுக்கு அதுதான் மூக்கு. கொஞ்சம் அழுக்கேறிய பில்டர் புதியதைவிட நன்றாகவே தூசைப் பிடிக்கும், சும்மா சும்மா கழற்றக் கூடாது. ஆனால் இந்தப் பக்கத்து டிரைவர்களுக்குக் கை சும்மா இருக்காது. தினமும் கழற்றி, டயரில் நாலு தட்டு தட்டி, பஞ்சர் கடைக் காற்றை வெளிப்பக்கமிருந்து பீய்ச்சி, திரும்ப மாட்டிவிட்டுப் பெருமையாக ஏறி உட்காருவார்கள். புது பில்டர் மாற்றுவதெல்லாம் ஆடிக்கொரு நாள், அமாவாசைக்கொரு நாள்தான். அரக்கோணம் சாலையில், புழுதிக்கு நடுவே பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் வாஹித் பாய், பரணிதரன் வண்டியின் பில்டருக்குள் பல்பை விட்டுப் பார்த்தார். ஏழு இடத்தில் வெளிச்சம் கசிந்தது.

"துணி தொவைக்கிற மாரி அடிச்சிகினு கீறியே தம்பி, காயிதம்பா இது!" என்று திட்டிவிட்டு, உள்ளுக்கொன்றும் வெளிக்கொன்றுமாகப் புது பில்டர்கள் போட்டார். என்ஜின் இருமலை விட்டது. அடுத்த நிமிடமே பக்கத்து வீட்டு ஞானம்மாள் போன் செய்தாள். தமயந்தி மூச்சு முட்டி விழுந்துவிட்டாளாம். பரணிதரனுக்குப் பொறி தட்டியது. பழைய பில்டரை மாட்டினார்கள், அவள் எழுந்து தண்ணீர் குடித்தாள். போனைக் காதில் வைத்துக்கொண்டே மூன்று முறை மாற்றிப் பார்த்தார்கள். மூன்று முறையும் அப்படியே நடந்தது.

வண்டி புழுதியைக் குடிக்கும்வரைதான் தமயந்திக்கு மூச்சு என்று தெரிந்தபின் பரணிதரன் வண்டியை நிறுத்தவே இல்லை. புழுதி எங்கே அதிகமோ அந்தச் சாலையாகத் தேடி ஓட்டினான். டீசல் போடும்போதும் என்ஜினை அணைக்காமல் பங்க்காரனிடம் ஏச்சு வாங்கினான். தூக்கம் சொக்கினால் கிரஷர் வாசலில் என்ஜினை ஓடவிட்டு ஸ்டியரிங்கில் சாய்ந்துகொண்டான். அவளிடம் வேலை அதிகம் என்று பொய் சொன்னான். தை போய் ஆடியும் வந்தது. மணல் என்ஜினுக்குள் போய் பிஸ்டன் ரிங்கையும் லைனரையும் தின்றது, வண்டி நீலப் புகை விட்டது, ஆயிலைக் குடித்தது. மேட்டில் சாண் ஏறினால் முழம் சறுக்கியது. "என்ஜின் இன்னும் பத்து நாள் தாங்காது. அதுக்கப்புறம் அந்தப் பொண்ணுக்கு இன்னா ஆவும்னு அல்லாவுக்குத்தான் தெரியும்" என்றார் வாஹித் பாய். பரணிதரனால் நிறுத்தவும் முடியவில்லை, ஓட்டவும் முடியவில்லை.

பாய்க்கு மனசு கேட்கவில்லை, தமயந்தியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவள் மத்தியான பஸ் பிடித்து, இனி மிதிப்பதில்லை என்று சபதம் போட்டிருந்த அதே கிரஷருக்கு வந்து, நடுங்கிக்கொண்டிருந்த வண்டியில் ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பாவா, வண்டிய நிறுத்து."

"நிறுத்தனா உனக்கு வந்துடும்டி."

"வர்ட்டும். ஏழு மாசமா நல்லா மூச்சு வுட்டுகினு கீறேன், வூட்ல பேச ஆளில்ல. இந்த மூச்ச வச்சிகினு நான் இன்னா பண்றது?"

அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "அப்ப பாதிய எனக்குக் குடு" என்றான் கோபமாக. அவள் கையை நீட்டிச் சாவியைத் திருப்பினாள். என்ஜின் இரண்டு முறை செருமி அடங்கியது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். இருமல் வந்தது, முதலில் அவனுக்கு.

வாஹித் பாய் ரிங்கும் லைனரும் மாற்றி, புது பில்டர் போட்டு, இனி டயரில் தட்டுவதில்லை என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். வண்டி இப்போது சத்தமில்லாமல் ஓடுகிறது, பொழுது சாய்ந்தால் வீட்டுக்கு வந்துவிடுகிறது. ஒற்றைப்படைத் தேதிகளில் அவன் இருமுகிறான், இரட்டைப்படையில் அவள். இருமல் சத்தம் கேட்டே ஞானம்மாள் தேதி தெரிந்துகொள்கிறாள். மாதம் முப்பத்தொன்றில் முடிந்தால் மறுநாள் ஒன்றாம் தேதியும் அவனுக்கே விழும். அதைப் பற்றி அவன் இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.